பாண்டட் லெதரின் அருமை பெருமைகள்

சோபா விற்பவருக்கு இத்தனை நன்மை செய்த தோல் வேறெதுவும் இல்லை. பாண்டட் லெதர் என்றாலே உரிந்தது, உதிர்ந்தது, கூட்டி அள்ளினோம் என்று அதன் கடைசிக் காலத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதன் இளமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஷோரூம் விளக்குகளுக்குக் கீழே அது நிற்கிற அழகைப் பாருங்கள். ஒரு தழும்பு கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. இடது கைப்பிடியின் நிறமும் வலது கைப்பிடியின் நிறமும் இம்மி பிசகாமல் ஒன்று. பக்கத்திலேயே அசல் தோல் சோபா ஒன்றைப் போட்டு, இரண்டில் எது உயர்ந்த சாமான் என்று கேட்டால், பழக்கமில்லாத கண் பாண்டட் லெதரைத்தான் காட்டும்.

அசல் தோலுக்கு இந்த அழகு வராது. அது ஒரு மாட்டின் உடம்பிலிருந்து வந்தது. முள்வேலி கிழித்த கோடு இருக்கும், உண்ணி கடித்த புள்ளிகள் இருக்கும், சூடு போட்ட தடம் இருக்கும். முதுகுப் பக்கம் கெட்டியாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு நான்கைந்து முழுத்தோல் வேண்டும். அந்த நான்கைந்தும் ஒன்றுபோல் இராது. வெட்டுகிறவர் ஒவ்வொரு தோலையும் மேசையில் விரித்து, தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கெட்டியான பகுதியை இருக்கைக்கும் தளர்வானதைக் கண்ணில் படாத இடத்துக்கும் ஒதுக்கவேண்டும். அந்தக் கை பழகச் சில வருடங்கள் ஆகும். அப்படிப் பழகியும் ஓரங்களில் கணிசமாகக் கழிவு விழும்.

பாண்டட் லெதர் இந்தத் தொல்லை எதையும் தராது. துணிபோல ஒரே அகலத்தில், ரோல் ரோலாக வந்து இறங்கும். தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். அளவு சொல்லிவிட்டால் இயந்திரமே வெட்டிவிடும். முப்பது வருடம் தோல் வெட்டியவரும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அதன் முன்னால் சமம். அனுபவத்துக்கென்று தனிக் கூலி கேட்க வழியில்லாமல் செய்துவிட்டது. தொழிலில் இத்தனை சமத்துவத்தை வேறு எந்தச் சரக்கும் கொண்டுவரவில்லை.

அதன் பிறப்பும் எளியது. தோல் ஷாப் எனப்படும் பதனிடும் இடத்தில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிரும் சதையும் நீக்கிய மாட்டுத்தோல் தடித்தது. சோபாவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் போதும். ஆகவே தோலை இயந்திரத்தில் கொடுத்து இரண்டாகப் பிளக்கிறார்கள். மயிர்க்கால் தடம் தெரியும் மேல்தட்டில் கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். தோலின் உறுதியெல்லாம் அங்கேதான். அந்த முகத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் ஃபுல் கிரெயின். குறைகளை லேசாகத் தேய்த்து நீக்கி, மேலே நிறமும் பூச்சும் கொடுத்தால் டாப் கிரெயின். கீழ்த்தட்டு ஸ்பிளிட், அதற்கு இயற்கையான முகம் கிடையாது, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து வரி அச்சிட்டு முகம் செய்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, தடிமனைச் சமன்செய்யச் சீவும்போது விழும் சீவல், வெட்டியதில் விழுந்த துண்டு, தூள் ஆகியவை மிஞ்சும். அதைச் சேர்த்து அரைத்து, பசையோடு பிசைந்து, துணியின்மேல் தகடாக அழுத்தி, அதற்கு மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டி, மாட்டுத்தோல் வரிகளை அச்சுருளையால் பதித்தால் பாண்டட் லெதர் தயார்.

ஒரு துளியையும் வீணாக்காத பண்பு இது. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் குரோம் கலந்த தோல் சீவல்களை என்ன செய்வது என்பது பழைய தலைவலி. அந்தக் கழிவுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தது நல்ல காரியம்தான். டைரியின் அட்டையாகவும் செருப்பின் உள் அட்டையாகவும் அது உழைக்கிறது. அந்த இடங்களில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடும்பமே ஏறி உட்கார்ந்து, புரண்டு, சாய்ந்து, தூங்கி எழும் இடத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களின் துணிச்சலைத்தான் தனியாகப் பாராட்டவேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்கும் தேக்குப் பலகைக்கும் உள்ள தூரம் இங்கேயும் உண்டு. நாரை அரைத்த கணத்திலேயே பின்னல் அறுந்துபோகிறது. பின்னல்தான் தோலின் பலம். அரைத்த நாரை எந்தப் பசை கொண்டு ஒட்டினாலும் பிடிமானம் பசையினுடையதே தவிர நாரினுடையது ஆகாது.

சோபாவுக்கு வரும் பாண்டட் லெதரில் தோல்நாரின் பங்கு பல சமயம் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மீதி பசை, துணி, பிளாஸ்டிக். ஐரோப்பியத் தரவிதி, தோல்நார்த் தகடு என்று சொல்லிக்கொள்ளவே எடையில் பாதியாவது உலர்ந்த தோல்நார் இருக்கவேண்டும் என்கிறது. அசல் தோலாகவே இருந்தாலும் மேற்பூச்சின் தடிமன் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே தோல் என்று அழைக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அமெரிக்காவின் வணிக ஆணைய வழிகாட்டுதலோ, பாண்டட் லெதர் என்று எழுதினால் அதில் எத்தனை சதவீதம் தோல், எத்தனை சதவீதம் மற்றவை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. இத்தனை கேள்விகள் கேட்கும் சந்தைகளில் அது அடக்கமாக இருக்கிறது. கேள்வி கேட்காத நம் ஷோரூம்களில் லெதர் சோபா என்ற ஒரே அட்டையின் கீழ் நிமிர்ந்து நிற்கிறது.

இன்னொரு பெருந்தன்மையும் அதற்கு உண்டு. தன்னிடம் உள்ள அந்தச் சொற்பத் தோலையும் அது யார் உடம்பிலும் பட விடுவதில்லை. உங்கள் கை தடவுவது மேலே இருக்கும் பாலியூரித்தேன் படலத்தை மட்டுமே. தோல்தூள் நடுவில் ஒளிந்திருக்கிறது. அசல் தோல் வியர்வையை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். பாண்டட் லெதரில் அந்த வியர்வை உங்கள் முதுகிலேயே பத்திரமாக இருக்கும். தூள் செய்யும் வேலை ஒன்றுதான்: விலைச்சீட்டில் லெதர் என்று எழுத உரிமை தருவது. தோலின் வாசனையும் பெரும்பாலும் தனியே சேர்க்கப்பட்டது, அட்டைப்பெட்டி பிரித்த சில மாதங்களில் போய்விடும்.

அதன் கடமை உணர்ச்சி இதற்கெல்லாம் மேல். பாலியூரித்தேனுக்கு எதிரி தண்ணீர் ஆவி. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக அறும். மலிவான சோபா உறைகளில் பயன்படும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனில் இது இன்னும் வேகம். இந்தத் தாக்குதலை எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பார்க்க, 70 டிகிரி வெப்பமும் 95 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்துச் சோதிப்பார்கள். ஜங்கிள் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று வீசும் வீடுகளில் அந்தச் சோதனையின் மெதுவான வடிவம் வருடம் முழுக்க நடக்கிறது. உட்காருவதால்தான் சோபா கெடுகிறது என்று நினைத்து, விருந்தாளிகளுக்கென்று பெட்ஷீட் போர்த்திப் பாதுகாக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிப் பூட்டிவைத்த ஃபிளாட்டில், ஒரு நாளும் யாரும் உட்காராத சோபாவும் உரிந்து கிடக்கும். ஆள் வேண்டாம், உழைப்பு வேண்டாம், ஈரக்காற்று ஒன்று போதும்; அது தன் வேலையை முடித்துவிடும்.

ஆள் புழங்கும் வீட்டில் அது இன்னும் அக்கறை காட்டும். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வது அதுதான். தாத்தா தலை சாய்க்கும் இடத்தில், தேங்காய் எண்ணெய் படும் இடத்தில், முதல் விரிசல் விழும். அப்புறம் கைப்பிடியின் நுனி. அப்புறம் டிவிக்கு நேர் எதிரே உள்ள இருக்கை. மயிரிழை போன்ற கோடுகள் முதலில், பிறகு கொப்புளம், பிறகு செதில். குழந்தை எழுந்து ஓடினால் தொடையின் பின்பக்கம் கறுப்புச் செதில் ஒட்டியிருக்கும். தரை துடைத்த துணியில் வரும், படுக்கையில் வரும், தட்டிலும் வரும். அள்ளிக் குப்பையில் போட்டால் மக்காது. மாதத் தவணையில் வாங்கியிருந்தால், கடைசித் தவணை கட்டும் நேரத்துக்குச் செதிலும் தொடங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று. முதல் முறையாக சோபா வாங்குகிற வீடுகள்தான் இதை வாங்குகின்றன. பாயிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் இருந்துவிட்டு, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டுக்குக் கிருகப்பிரவேசம், என்று ஆசையாய்ச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகிறவர்கள். தோல் என்றால் தலைமுறைக்கும் நிற்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பேச்சு ஃபுல் கிரெயினைப் பற்றியது. அதன் நற்பெயரைக் கூசாமல் எடுத்துக்கொள்ளும் திறமை பாண்டட் லெதரைப் போல் வேறெதற்கும் கைவரவில்லை.

குஷன் கடைக்காரரும் இதற்கு நன்றி சொல்லவேண்டும். அசல் தோல் கிழிந்தால் உள்ளே ஒட்டுக்கொடுத்துத் தைக்கலாம், நிறம் மங்கினால் ஏற்றலாம், காய்ந்தால் கண்டிஷனர் தடவலாம். அவருக்குக் கிடைப்பது சின்னக் கூலி. பாண்டட் லெதரில் செதில் விழ ஆரம்பித்தால் ஒட்டுக்கு இடமில்லை. ஒட்டிய இடத்துக்கு அடுத்த இடம் உரியும். முழு உறையையும் கழற்றிப் புதிது போடவேண்டும், உள்ளே ஃபோமும் சட்டமும் நன்றாக இருந்தாலும். உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்த்தால் மரச்சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் பல வருடம் கொடுத்திருப்பார்கள். உறைக்கு வரும்போது காலம் சுருங்கிவிடும், உரிதல் சேராது என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் பல சீட்டுகளில் இருக்கும். தன் ஆயுளைத் தயாரிப்பாளருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற நேர்மை அது.

ஃபுல் கிரெயினுக்கு வருவோம். அதன் குற்றங்கள் பெரியவை. விலை கையைக் கடிக்கும். முதல் நாள் விறைப்பாக இருக்கும், உட்கார உட்காரத்தான் இளகும். வாங்கிய நிறத்தில் நிற்காது. கைபட்ட இடம் கருத்து, மினுமினுத்து, வருடங்கள் போகப்போக வேறொரு நிறத்துக்குப் போகும். எல்லாவற்றையும்விட, சீக்கிரம் சாகாது. பதினைந்து, இருபது வருடம் வீட்டில் கிடந்து, அடுத்த சோபா வாங்கும் ஆசையையே தீர்த்துவிடும். விற்பவருக்கு இதைவிடக் கெடுதல் எது?

அதிலும் பூச்சே இல்லாத அனிலின் வகை ஒரு சொட்டுக் காபியைக்கூட மன்னிக்காது. உறிஞ்சிக்கொண்டு கறையாக வைத்துக்கொள்ளும். ஜன்னல் வெயில் நேரே பட்டால் வெளுக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற, சாம்பாரும் பேனா மையும் சிந்துகிற வீட்டுக்கு அது ஒத்துவராது. அங்கே லேசான பூச்சுள்ள செமி அனிலின், அல்லது நிறப்பூச்சு கொடுத்த டாப் கிரெயின்தான் சரி. ஈரத்துணியால் துடைக்கலாம், தோலின் முகமும் உறுதியும் உள்ளே அப்படியே இருக்கும். நடுத்தர வீடுகளுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஜெனுயின் லெதர் என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே பூச்சு கொடுத்த ஸ்பிளிட் இருக்கலாம். அது பொய்யில்லை, தோல்தான். ஆனால் மேல்தட்டு இல்லாத தோல். மடிப்புகளில் முதலில் வெடிக்கும். விலையை அதற்குத் தகுந்தபடி பேசவேண்டும்.

லெதர் மேட்ச் என்ற ஏற்பாடும் உண்டு: உட்காரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் தோல், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அதே நிறத்தில் ரெக்சின். சொல்லி விற்றால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. சொல்லாமல் விற்றால் விலை மட்டும் முழுத்தோலுக்கு.

ரெக்சினையும் இங்கே மறக்கக்கூடாது. பேருந்து இருக்கையில், முடிதிருத்தும் நாற்காலியில், டாக்டர் அறையின் பெஞ்சில் வருடக்கணக்காக உழைக்கிறது. தான் தோல் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. வெயிலில் ஒட்டும், மூச்சு விடாது, ஆனால் கெட்டியான பிவிசி ரெக்சின் நம் ஈரக்காற்றில் மலிவான பாலியூரித்தேனைவிட நிதானமாக நிற்கும். வீகன் லெதர் என்ற புதுப்பெயரில் வருவதில் பெரும்பகுதி இந்த இரண்டு பிளாஸ்டிக்கில் ஒன்றுதான். மாட்டுத்தோல் வேண்டாம் என்பது கொள்கையாக இருந்தால் அதை மதிக்கிறேன். எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல வேறில்லை.

இவ்வளவும் தமிழ்நாட்டில் நடக்கிறது என்பதை நினைத்தால்தான் பாண்டட் லெதரின் வெற்றி எவ்வளவு பெரியது என்று புரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ள மாநிலம் இது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இங்கே பிறந்து புவிசார் குறியீடும் பெற்றது. குரோம் உப்பால் பதனிடும் முறை வந்தபோது அதற்கென்று எழுந்த தொழிற்சாலையால் சென்னைப் புறநகரில் ஒரு பகுதிக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாற்றில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் பாலாறு கொடுத்த விலையைப் பற்றி 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ என்று நாவலாக எழுதி, அதற்கு 2012இல் சாகித்ய அகாதெமி விருது வந்தது. ஆறும் உழைப்பும் இவ்வளவு கொடுத்த மண். விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, இது ஸ்பிளிட், இது பஃப் அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் வந்து, தோல்தூளைத் தோல் என்று விற்று, யாரும் திருப்பிப் பார்க்காமல் வீடு வீடாக நுழைந்துவிட்டதே, அதைச் சாதனை என்று சொல்லாமல் என்ன சொல்வது?

திருப்பிப் பார்த்தால் அது ஒளிவுமறைவு இல்லாதது. இருக்கைக் குஷனின் ஜிப்பைத் திறந்து உறையின் உள்பக்கத்தைத் தடவுங்கள். அசல் தோலின் பின்புறம் மெத்தென்று, மயிர்போன்ற நார் எழும்பியிருக்கும். நகத்தால் கீறினால் நார் வரும். பாண்டட் லெதரின் பின்புறம் துணி நெசவாக இருக்கும், அல்லது ஒரே சீராக அட்டைபோல் இருக்கும். வெட்டு ஓரத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். மேல்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் அசல் தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும். பிளாஸ்டிக் படலம் மொத்தமாகக் குழிந்து மொத்தமாக எழும். இருக்கையில் பார்த்ததோடு நிறுத்தாமல் கைப்பிடி, முதுகு, பக்கவாட்டு, பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். ஜிப்பே இல்லாமல் தைத்து மூடிய சோபா என்றால், மாதிரித் துண்டு ஒன்று வெட்டித் தரச்சொல்லுங்கள்.

பில்லில் லெதர் சோபா செட் என்ற மூன்று சொல்லோடு வெளியே வராதீர்கள். இருக்கை எது, முதுகு எது, பக்கங்கள் எது, ஃபுல் கிரெயினா, டாப் கிரெயினா, ஸ்பிளிட்டா, பாண்டட்டா, வெறும் பாலியூரித்தேனா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே பேசப்போவது அந்தத் தாள்தான். எழுதித் தரத் தயங்குகிற கடையில் விலையையே பேசவேண்டாம். பாண்டட் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதே விலைக்கு அந்தக் கடையிலேயே கெட்டியான பருத்தித் துணி போட்ட, உறையைக் கழற்றித் துவைக்கிற சோபா என்னென்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.